லபக்கில் இருக்கும் பாப்பாவுக்கு

பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. மாடித் தண்ணீர் வழக்கம்போலக் கொல்லைச் சுவரில்தான் இறங்குகிறது, தம்பி இந்த வருஷமும் "பார்க்கலாம்மா" என்கிறான். எதிர்வீட்டு டீச்சர் மகன் செவ்வாய்க்கிழமை அமெரிக்காவுக்கு, டல்லாஸ் புறப்படுகிறான். அவன் கையில் சாத்தூர் சேவு 2 கிலோ, பருப்புப்பொடி, இரண்டு நைட்டி, அதோடு இந்தக் கடிதம். டல்லாஸிலிருந்து உன் ஊர் காரில் 5 மணி நேரத்துக்கு மேலாம், போனதும் பார்சலில் போட்டுவிடுகிறேன் என்றிருக்கிறான்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்பாய். போனில் நீ பேசினால்தானே. 11 நாளாகக் கட்டைவிரல் படம் மட்டும் வருகிறது. சாப்பிட்டாயா என்றால் கட்டைவிரல், தூங்கினாயா என்றால் கட்டைவிரல், அத்தைக்குக் கண் ஆபரேஷன் என்று போட்டாலும் கட்டைவிரல். குறை சொல்லவில்லை. 12 மணி நேரம் வார்டில் நின்றுவிட்டு வருகிறவளுக்கு விரலைத் தூக்குவதே பெரிது. எனக்குத் தெரியாதா.

உன் ஊர்ப் பெயரைக் கேட்டு அத்தை இன்னும் சிரிக்கிறாள். லபக் என்று ஒரு ஊரா, யாரை லபக்கென்று விழுங்க என்கிறாள். நீ அனுப்பிய பருத்திக்காட்டுப் படத்தைக் காட்டினேன். கண்ணுக்கெட்டின மட்டும் வெள்ளை, நடுவில் ரோஸ் கலர் பிளாஸ்டிக் சுற்றி உருளை உருளையாகப் பருத்தி. ஆள் ஒருத்தர் இல்லை. ஆச்சி மடியைக் கட்டிக்கொண்டு குனிந்து எடுத்ததும் இதே பருத்திதானா என்று இருந்தது. அவள் இருந்தால் "எடுக்கிற கூலி யாருக்குப் போகுது" என்றுதான் முதலில் கேட்டிருப்பாள். கரிசக்காட்டிலிருந்து போனவளுக்கு அங்கேயும் பருத்தி ஊர்தான் வாய்த்திருக்கிறது. "ஊர் மலிவும்மா, வானம் பெரிசு" என்று அந்தப் படத்துக்குக் கீழே போட்டிருந்தாய். நீ கடைசியாக எழுதின முழு வரி அதுதான்.

மலிவு ஊரைத் தேடிப் பிடிக்கிற சூட்சுமம் எனக்கு இப்போது புரிகிறது. கலிஃபோர்னியாவில் கூடுதல் சம்பளம் தருகிறார்களே, இவள் ஏன் இந்தப் பொட்டல் ஊர்களாகப் பார்த்துப் போகிறாள் என்று முதலில் நினைத்தேன். அங்கே வாடகையே விழுங்கிவிடும், நர்ஸ் லைசென்ஸும் தனியாக வாங்க வேண்டும், டெக்சாஸில் வாங்கின லைசென்ஸ் கூட்டு ஒப்பந்தத்தில் சேர்ந்த 40-க்கு மேற்பட்ட மாநிலங்களில் செல்லும், கலிஃபோர்னியா அதில் சேரவில்லை என்று நீ சொன்னதை அத்தையிடம் அப்படியே ஒப்பித்தேன். வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் தருகிற படியில் மிச்சம் பிடிப்பதுதான் ஊர் ஊராகப் போய் வேலை பார்க்கிற டிராவல் நர்ஸ் கெட்டிக்காரத்தனம் என்றும் சொன்னேன். தம்பியின் வீட்டுக் கடன் அந்த மிச்சத்தில்தான் அடைந்தது. நீ ஒரு தடவைகூடச் சொல்லிக்காட்டவில்லை. காட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

ஆனால் ஹூஸ்டனில் பூட்டிக் கிடக்கிற அறைக்கு மாசாமாசம் வாடகை கட்டுகிறாயே, அது மனசுக்கு ஒப்பவில்லை. வரிக்காக என்றாய். நிலையான வீடு என்று ஒன்று வேறெங்கோ இருக்க வேண்டும், வேலை பார்க்கிற ஊருக்குத் தற்காலிகமாகத்தான் வந்திருக்க வேண்டும், அப்போதுதான் அந்தப் படிக்கு வரி இல்லை, ஒரே இடத்தில் ஒரு வருஷத்தைத் தாண்டினாலும் போச்சு. சரி. வருமான வரிக்காரனுக்குக் காட்டுவதற்காவது உனக்கு ஒரு வீடு இருக்கிறது.

இதை எழுதியிருக்கக் கூடாது. அடித்தால் அசிங்கமாக இருக்கும், விட்டுவிடுகிறேன்.

13 வாரம் 13 வாரமாக எத்தனை ஊர் ஆகிவிட்டது. அமரில்லோ, டல்சா, அதற்கு முன்னால் ஆர்கன்சாவில் வாயில் நுழையாத ஒன்று. எல்லா ஊரிலும் இன்னும் 13 வாரம் இரு என்றுதான் கேட்டிருக்கிறார்கள். நீ இருந்ததில்லை. இந்த ஊர் பிடித்திருக்கிறது, வீட்டுக்காரம்மா தங்கமானவள், இந்தத் தடவை நீட்டிக்கப் போகிறேன் என்று போன மாசம் சொன்னாய். நானும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். இப்போது டிசம்பரோடு முடித்துக்கொள்கிறேன் என்று தம்பிக்கு மெசேஜ் போட்டிருக்கிறாய். எனக்குப் போடவில்லை. ஏன் என்று கேட்கவில்லை. சொல்கிறேன், அவ்வளவுதான்.

சாப்பிடு. நைட் முடிந்த கையோடு காரை எடுக்காதே, அரைமணி உட்கார்ந்து ஏதாவது குடித்துவிட்டு எடு. நேரான ரோட்டில்தான் கண் சொருகும். அப்புறம் தண்ணீரை வீணாக்காதே. அந்த வியாழக்கிழமை நீ கூப்பிட்டபோது பின்னால் குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. இங்கே சாயங்காலம் 6 மணி, அங்கே காலை ஏழரை. என்னடி என்றேன். "ஒண்ணுமில்லைம்மா, தூங்கப் போறேன்" என்றாய். போனை வைக்கவும் இல்லை. நாலு நிமிஷம் குழாய்ச் சத்தம்தான் கேட்டது. வறண்ட ஊர், தண்ணீருக்கும் காசு இருக்கும், பார்த்துக்கொள்.

ஒரே நாள் பிரசவ வார்டைச் சுற்றிக் காட்டிவிட்டு மறுநாளே தனியாகக் கேஸ் பார்க்க விடுகிறார்கள் என்றாயே, அது எனக்கு அடிவயிற்றைக் கலக்குகிறது. ரத்தப்போக்கு வந்தால் இழுத்துக்கொண்டு ஓடுகிற வண்டி எங்கே நிற்கிறது, குழந்தைக்கு மூச்சுக் கொடுக்கிற பை எந்த இழுப்பறையில் இருக்கிறது என்று முதல் நாளே கையால் தொட்டுப் பார்த்துவிடு. யார் காட்டினாலும் நீயாக ஒரு தடவை திறந்து பார். ஆள் குறைந்தால் முதலில் உன்னைத்தான் வேறு வார்டுக்குத் தள்ளுவார்கள், கேஸ் குறைந்தால் முதலில் உன்னைத்தான் வீட்டுக்கு அனுப்புவார்கள். வந்தவள்தானே. இங்கேயும் டெபுடேஷனில் வந்த சிஸ்டருக்குத்தான் தீபாவளி நைட். சுற்றிலும் சின்ன ஊர் ஆஸ்பத்திரிகளில் பிரசவம் பார்ப்பதை நிறுத்திவிட்டார்கள், வலியோடு இரண்டு மணி நேரம் காரில் வருகிறார்கள் என்று சொன்னாய். அப்படி வருகிறவள் எந்த நிலையில் வந்து இறங்குவாள் என்று எனக்குத் தெரியும். மாட்டுவண்டியில் வந்தவர்களையும் பார்த்தவள் நான்.

காரை உடனே எடுக்காதே என்று சொன்னேனா? சொல்லிவிட்டேன்.

போன வாரம் பழைய சிஸ்டர்மார் நாலு பேர் வந்திருந்தார்கள். பேச்சு வாக்கில் வலிப்பு கேஸுக்கு மேக்னீசியம் போட்ட கதை வந்தது. நரம்பில் 4 கிராம், பின்புறம் இரண்டு பக்கமும் 5, 5. அதற்கப்புறம் நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை முழங்காலைத் தட்டிப் பார்த்து, மூச்சை எண்ணி, மூத்திரம் அளந்து, எல்லாம் சரியாக இருந்தால்தான் அடுத்த ஊசி. இந்தக் கணக்கைப் போட்டுக் கொடுத்த பிரிட்சார்ட் டாக்டர் டல்லாஸ் பார்க்லேண்ட் ஆஸ்பத்திரிக்காரர், என் மகள் அந்த மாநிலத்தில்தான் பிரசவம் பார்க்கிறாள் என்றேன். ஏதோ பிரிட்சார்ட் நமக்குச் சம்பந்தி மாதிரி. எல்லாரும் சிரித்தார்கள். உங்கள் கைராசி மகளுக்கும் வந்துவிட்டது சிஸ்டர் என்றாள் ஒருத்தி. அதற்கப்புறம் எனக்குக் காபி இறங்கவில்லை.

நீ நர்சிங் சேர்ந்த நாளிலிருந்து ஒன்றையே சொல்லிக்கொண்டிருக்கிறேன். கேட்டதை எழுது, கேட்காததை எழுதாதே. "அம்மா ரெக்கார்டு ஓட ஆரம்பிச்சிருச்சு" என்று நீயும் தம்பியும் கேலி பண்ணுவீர்கள். ஏன் சொல்கிறேன் என்று இரண்டு பேரும் கேட்டதில்லை.

1994-ல், ரயில்வே கேட் பக்கத்து வீட்டில் இருந்தோமே, அப்போது. உனக்கு நாலு வயசு. அன்றைக்கு நைட்டில் வலியோடு ஆறு பேர், நானும் ஒரு ஆயாவும். மருந்து ஏறுகிறவளுக்கு ஒருத்திக்கு ஒரு நர்ஸ் என்று நீ சொல்கிறாய், வயிற்றில் பெல்ட் கட்டிவிட்டால் குழந்தையின் துடிப்பு திரையில் ஓடிக்கொண்டே இருக்கும் என்கிறாய். எங்களுக்கு வயிற்றில் வைத்துக் கேட்கிற ஃபீட்டோஸ்கோப் குழல்தான். குனிந்து காதை வைத்து ஒரு நிமிஷம் முழுசாக எண்ண வேண்டும். அரைமணிக்கு ஒரு தடவை, ஆறு பேருக்கு. மூன்றாவது கட்டிலில் ஒரு தலைச்சன்காரி, இருபது வயசு இருக்கும். கத்தாத பிள்ளை. கத்துகிறவளிடம்தான் கால் ஓடும். 3 மணிக்கு நான் அவளிடம் போகவில்லை. மூன்றரைக்கும் போகவில்லை. 4 மணிக்குக் கேஸ் ஷீட்டை எடுத்து 140, 140, 138 என்று மூன்று தடவைக்கும் சேர்த்து எழுதினேன். 138 ஏன் தெரியுமா? மூன்றும் ஒன்றுபோல இருந்தால் சந்தேகம் வரும் என்று.

5 மணிக்குக் குழந்தை பிறந்தது. ஆண். அழவில்லை. என்னென்னவோ செய்தோம்.

டாக்டர் ஷீட்டைப் பார்த்துவிட்டு, நாலு மணி வரை துடிப்பு நன்றாகத்தானே இருந்திருக்கிறது, நீங்கள் என்ன செய்ய முடியும் சிஸ்டர் என்று எனக்கு ஆறுதல் சொன்னார். அந்தத் தலைச்சன்காரியின் அம்மா என் இரண்டு கையையும் பிடித்து, "பெரிய உசிரையாவது காப்பாத்திக் கொடுத்தீகளே" என்று கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை. மூன்று மணிக்கே கேட்டிருந்தால் பிழைத்திருக்குமா என்று இன்றைக்கும் தெரியாது. கேட்கவில்லை என்பது தெரியும்.

வீட்டுக்கு வந்து குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். நீ வெளியில் நின்று அம்மா அம்மா என்று கதவைத் தட்டினாய். தொட்டி தீருகிற மட்டும் நான் திறக்கவில்லை. உனக்கு ஞாபகம் இருக்காது.

அடுத்த மாசமே மாறுதலுக்கு எழுதிப் போட்டேன். உன்னை நல்ல பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதற்காகத்தான் இந்த ஊருக்கு வந்தோம் என்று நம் வீட்டில் எல்லாரும் சொல்வார்களே. அப்பாவும் கடைசி வரை அப்படித்தான் நினைத்திருந்தார். நடந்துகொண்டிருந்த கடையை விற்றுவிட்டு என் பின்னால் வந்த மனுஷன். அவரிடம் சொல்லவில்லை. இந்த ஊர் வார்டிலும் ராத்திரி மூன்று மணி ஆகத்தான் செய்தது. கைராசி சிஸ்டர் என்று பேர் வாங்கினேன், கேட்கிற ஒவ்வொரு தடவையும் ஆளைத் திரும்பிப் பார்ப்பேன், தெரிந்துதான் சொல்கிறாளோ என்று.

நீ அப்படி ஏதும் செய்திருப்பாய் என்று நான் எழுதவில்லை. கேட்காததை எழுதுகிற கை உன் கை இல்லை. எல்லாம் சரியாகப் பார்த்தும் தங்காத பிள்ளை உண்டு, அதையும் பார்த்திருக்கிறேன். எனக்கு அந்தக் குழாய்ச் சத்தம் தெரியும், அதனால் எழுதினேன்.

நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை அங்கே மணியைப் பின்னால் தள்ளுவார்களாமே. அப்புறம் உனக்குக் காலை ஏழரை என்றால் எனக்கு ராத்திரி 7. அந்த நேரத்தில் டி.வி. போடுவதை நிறுத்திவிட்டேன். கூப்பிடு. பேச வேண்டாம். குழாய் ஓடினாலும் பரவாயில்லை, தண்ணீர்க் காசைப் பற்றி எழுதியதை விட்டுவிடு.

இதைப் படித்ததும் கிழித்துவிடு. தம்பிக்குத் தெரிய வேண்டாம்.

அம்மா

பி.கு.: சேவில் ஒரு பாக்கெட்டுக்கு மஞ்சள் ரப்பர் பேண்டு போட்டிருக்கிறேன், அது கருப்பட்டிச் சேவு, வீட்டுக்காரம்மாவுக்கு. காரச் சேவை அவளுக்குக் கொடுத்துவிடாதே. டிசம்பரில் அந்த வீட்டைக் காலி பண்ணுவதாக அவளிடம் சொல்லிவிட்டாயா, இல்லை இன்னும் சொல்லவில்லையா?