காசிமேட்டு அக்காவுக்கு, மாமாவின் தூக்கம் பற்றி

அன்புள்ள அக்கா,

இதைப் பொதுவில் எழுத நீ சம்மதித்தது நல்லது. நம் பக்கத்தில் இன்னும் எத்தனை வீட்டில் இதை வெளியே சொல்லாமல் இருக்கிறார்களோ.

மாமா தூக்கத்தில் "விடாதே, புடி" என்று கத்துகிறார், சுவரில் குத்துகிறார், உன் மேலும் கை விழுகிறது. காத்து கருப்பு என்று மந்திரித்துக் கயிறு கட்டியிருக்கிறாய். கயிறு இருக்கட்டும். ஆனால் நரம்பு டாக்டரைப் பார்த்தே ஆகவேண்டும்.

கனவு காணும்போது கண்ணையும் மூச்சையும் தவிர உடம்பு அசையாதபடி மூளைத்தண்டு தசைகளைக் கட்டி வைக்கும். அந்தக் கட்டு தளர்ந்தால், கனவில் யாரோ துரத்துவதற்கு நிஜத்தில் கை ஓங்கும். இதை டாக்டர்கள் ரெம் (REM, அதாவது கனவு காணும்) தூக்க நடத்தைக் கோளாறு என்கிறார்கள். பழைய கோபத்தை மனதில் வைத்து அடிக்கிறார் என்று அழுதாயே, அப்படி இல்லை அக்கா. அடித்தது அவருக்கே தெரியாது.

1986-ல் அமெரிக்காவில் ஷெங்க், மஹோவால்ட் என்ற டாக்டர்கள் இதைத் தனி நோயாக விவரித்தார்கள். வேறு காரணம் இல்லாமல் இது வந்த 1,280 பேரைப் பல நாடுகளில் தொடர்ந்து கவனித்து 2019-ல் வெளியிட்ட ஆய்வின் கணக்குப்படி, 12 வருடத்துக்குள் சுமார் 73 சதவீதம் பேருக்கு பார்க்கின்சன் என்ற நடுக்க நரம்பு நோயோ அதைச் சேர்ந்த மறதி நோயோ வருகிறது. நாளைக்கே வரும் என்று இல்லை, எல்லோருக்கும் வரும் என்றும் இல்லை. இருந்தாலும் என்னை உறுத்துவது வேறொன்று. நெத்திலிக் கருவாடு வறுத்தால்கூட வாசனை தெரியவில்லை என்கிறாராமே. மீன்பிடித் துறைமுகத்திலேயே காலம் தள்ளிய மனுஷன்! பார்க்கின்சனில் கை நடுக்கத்துக்குப் பல வருடம் முன்பே மோப்பம் குறையலாம், மலச்சிக்கலும் வரலாம். டாக்டரிடம் இதையும் சொல்லணும்.

வேறு காரணமும் இருக்கலாம். மனச்சோர்வுக்குத் தரும் சில மாத்திரைகள் இதைக் கிளப்பும். குறட்டையோடு மூச்சு நின்று நின்று வருவதும் இதே போலத் தெரியும். ஒரு ராத்திரி தூக்கப் பரிசோதனை செய்தால்தான் பிரித்துச் சொல்ல முடியும். பார்க்கின்சனை வரவிடாமல் தடுக்க இன்று மருந்து இல்லை. ராத்திரி ஆர்ப்பாட்டத்தை அடக்க இருக்கிறது, மெலடோனின், குளோனசெபாம் என்று. நீயாக மெடிக்கலில் வாங்கிவிடாதே.

அதுவரை அவர் கட்டிலை எடுத்துவிட்டுத் தரையில் மெத்தை போடு. டேபிள் ஃபேன், கண்ணாடி டம்ளர், அரிவாள்மனை எதுவும் கையெட்டும் தூரத்தில் வேண்டாம். நீ தள்ளிப் படு. ஒரே ரூம்தான், தெரியும், நடுவில் தலையணைகளை அடுக்கு. அவர் கத்தும்போது வீட்டில் யாரையாவது போனில் வீடியோ எடுக்கச் சொல், டாக்டருக்கு அது பெரிய உதவி.

ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரி பக்கத்தில்தான். நரம்பியல் ஓ.பி. என்றைக்கு என்று விசாரித்து வை, நானும் கூட வருகிறேன். அவர் சாப்பிடும் மாத்திரை அட்டை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு வை.

உன் தம்பி