இல்லாத காலைப் பற்றி எழுதுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

கை கால் இழந்தவர்களையும் பாரிசவாதம் (பக்கவாதம்) வந்தவர்களையும் ஆராய வன்னிக்கு வருகிற விரிவுரையாளர்களுக்கும் மாணவர்களுக்கும்,

வணக்கம். ஒட்டுசுட்டான் பக்கம் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருக்கிறேன். 2009 பங்குனியில் ஷெல் விழுந்து இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. இதுவரை மூன்று குழுக்கள் கடைக்கு வந்து கேள்வி கேட்டு எழுதிக்கொண்டு போயிருக்கின்றன. தேத்தண்ணி குடித்தார்கள், நன்றி சொன்னார்கள், ஒருவர் காலைப் படமும் எடுத்தார். ஒருவரும் திரும்பி வரவில்லை. என்ன கண்டுபிடித்தார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கோபத்தில் எழுதவில்லை. சரி, கொஞ்சம் கோபமும் இருக்கிறதுதான்.

முதலில் ஒரு சொல்லைப் பற்றி. படலையில் நின்று "புனர்வாழ்வு ஆய்வு" என்று தொடங்காதீர்கள். நீங்கள் நரம்பையும் தசையையும் நினைத்துச் சொல்கிறீர்கள். இங்கே அந்தச் சொல் காதில் விழுந்தால் சண்டை முடிந்தபின் முகாமில் அடைபட்டிருந்த பிள்ளைகள்தான் நினைவுக்கு வருவார்கள். அம்மாமார் பேசாமல் உள்ளே போய்விடுவார்கள். நீங்களும் "பதிலளிக்க மறுத்தோர்" என்ற பெட்டியில் ஒரு சரி போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவீர்கள்.

இனி வலி. போன காலின் பெருவிரல் உள்ளே மடங்கி, தசை பிடித்தாற்போல இழுத்து நிற்கும். நிமிர்த்தலாம் என்றால் விரல் இல்லை. பத்து வருடத்துக்கு மேல் இதை மனைவியிடம்கூட ஒழுங்காகச் சொன்னதில்லை, மண்டை பிசகிவிட்டது என்று நினைப்பார்கள் என்ற பயம். வந்த மூன்று குழுவும் "வலி பத்துக்கு எத்தனை?" என்று கேட்டது. மழை வருவதற்கு முந்தின இரவுக்கா, வெயில் நாளுக்கா என்று திருப்பிக் கேட்டேன். படிவத்தில் அதற்கு இடமில்லை.

அப்புறம் ஒரு நாள் ஆஸ்பத்திரியில் வயது குறைந்த ஒரு இயன்மருத்துவர் (பிசியோதெரபி செய்கிற) தங்கச்சி, "அண்ணை, வீட்டில் அலுமாரிக் கண்ணாடி இருக்கா?" என்று கேட்டார். பழைய அலுமாரியின் கதவைக் கழற்றினேன். பாயில் காலை நீட்டி இருந்து, இரண்டு தொடைக்கும் நடுவே கண்ணாடியை நெடுக நிறுத்த வேண்டும். வெட்டுப்பட்ட கால் கண்ணாடிக்குப் பின்னால் மறைந்துவிடும். முன்னால் வலது கால். எட்டிப் பார்த்தால், இடது கால் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு முழுக் கால் கிடக்கிறது. வலது விரல்களை மெல்ல மடக்கி மெல்ல நிமிர்த்தினால், அந்தக் காலும் நிமிர்த்தும். முதல் நாள் எனக்குத் தலை சுற்றியது, கண்ணீரும் வந்தது. இரண்டாம் கிழமையில் பெருவிரல் நிமிர்ந்தது. முற்றாகப் போய்விட்டது என்று சொல்லமாட்டேன், மழைக்கு முந்தின இரவில் இப்போதும் வரும். ஆனால் நிமிர்த்த வழி தெரியும்.

இந்த யோசனை யாருடையது என்று தேடினேன். வி. எஸ். ராமச்சந்திரன். 1951 இல் தமிழ்நாட்டில் பிறந்தவர், சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்தவர், பிறகு கலிபோர்னியாவின் சான் டியேகோவில் பேராசிரியர். மூளை "அசை" என்று கட்டளை போடுகிறது, அசைந்ததற்கான செய்தி திரும்பி வரவில்லை, ஆகவே கால் முடங்கிவிட்டது என்று மூளை பழகிக்கொள்கிறது. கண்ணுக்கு அசைவைக் காட்டினால் அந்தப் பழக்கம் உடையலாம். இதுதான் அவருடைய ஊகம். ஒரு பெட்டி, ஒரு கண்ணாடி, அவ்வளவே கருவி. 1996 இல் கட்டுரையாக வந்தது. 1999 இல் பாரிசவாதத்தில் கை விழுந்த ஒன்பது பேரிடம் இதே கண்ணாடியைச் சோதித்தார்கள். 2007 இல் அமெரிக்க இராணுவ மருத்துவமனை ஒன்றில் கால் இழந்தவர்களிடம் தினமும் 15 நிமிடம், நான்கு கிழமை பார்த்தார்கள். கண்ணாடி பார்த்த ஆறு பேருக்கும் வலி குறைந்தது. மூடிய கண்ணாடி கொடுக்கப்பட்டவர்களில் ஒருவருக்குத்தான் குறைந்தது. 2018 இல் பாரிசவாதக்காரர்களிடம் நடந்த 62 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, கை கால் அசைவுக்கு இது உதவுகிறது என்று எழுதினார்கள்.

அவர் சொன்ன காரணம் சரிதானா என்பதில் அறிஞர்களுக்குள் இன்னும் இழுபறி. போன கையின் படம் மூளையில் அழிவதில்லை, அப்படியே இருக்கிறது என்று வேறு சிலர் காட்டுகிறார்கள். எல்லோருக்கும் கண்ணாடி பலன் தருவதும் இல்லை. இருக்கட்டும். உங்கள் உலகில் ஒருவருடைய ஆய்வு எவ்வளவு தூரம் போனது என்பதை மற்றவர்களின் கட்டுரைகளில் அதற்கு வரும் மேற்கோள்களை எண்ணித்தான் அளக்கிறீர்கள். அந்தக் கணக்கில் என் அலுமாரிக் கதவு வராது. அந்தத் தங்கச்சி எந்தக் கட்டுரையும் எழுதவில்லை, ஆகவே அவரும் வரமாட்டார். எனக்கென்னவோ அவருடைய பத்து நிமிடம் இல்லாவிட்டால், அந்த 1996 கட்டுரை ஒட்டுசுட்டானைப் பொறுத்தவரை எழுதப்படாத கட்டுரைதான்.

நான் கேட்பது பெரிதில்லை. எங்களிடம் எடுத்ததை வைத்து என்ன எழுதினீர்களோ, அதை இரண்டு பக்கத் தமிழில் கொண்டுவந்து தாருங்கள். போன காலில் வருகிற வலிக்கு "மாயத்தோற்ற அவயவ வேதனை" என்று ஒரு படிவத்தில் இருந்தது, அந்தத் தமிழில் வேண்டாம். கடைச் சுவரில் ஒட்டிவைக்கிறேன், காற்றடிக்க வருகிறவர்கள் வாசிப்பார்கள். வரும்போது ஆய்வு முடிவோடு கண்ணாடி பிடிக்கத் தெரிந்த ஒருவரையும் கூட்டிவாருங்கள்.

இன்னொன்று. எங்கள் ஒழுங்கையில் ஒரு அக்காவுக்கு இரண்டு காலும் இல்லை. என் கண்ணாடியை எடுத்துக்கொண்டு போன பிறகுதான் உறைத்தது, கண்ணாடியில் காட்ட அவருக்கு மறு கால் இல்லை. வெட்கமாகப் போய்விட்டது. பிறகு தேடியதில், இரண்டு காலும் இழந்தவர்கள் இன்னொருவருடைய கால் அசைவதைப் பார்த்தால் வலி குறைகிறது என்று 2014 இல் ஒரு ஆய்வு வந்திருப்பதைக் கண்டேன். இப்போது பின்னேரங்களில் அவருடைய மகள் எதிரே பாயில் இருந்து, பள்ளிக்கூடச் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, விரல்களை மடக்கி நிமிர்த்துகிறாள். அக்கா பார்த்துக்கொண்டிருக்கிறார். மூன்று கிழமை ஆகிறது. சரியாகச் செய்கிறார்களா என்று பார்க்க எனக்குத் தெரியாது. உங்களில் யாராவது வந்து பாருங்கள்.