ஆறாவது வாரத்தில் ஒரு ஸ்கேன்

அன்புள்ள கோமதி,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி பிறந்த சந்தோஷத்தை இரண்டு பக்கத்துக்கு எழுதிவிட்டு, கடைசி வரியில் 'துணி மாற்றும்போது இடது தொடைப் பக்கம் டக்கென்று சத்தம் கேட்கிறது, சம்பந்தியம்மா ஒன்றுமில்லை என்கிறார்' என்று போட்டிருக்கிறாய். எனக்கு அந்த வரியில்தான் மனசு நின்றது.

சத்தம் மட்டும் என்றால் பயப்படாதே. பச்சைக் குழந்தைக்குத் தசைநார் நகரும்போது சொடுக்குச் சத்தம் வருவது சகஜம். தொடை மடிப்பு இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இல்லாததும் அப்படித்தான், நல்ல குழந்தைகளுக்கே இருக்கும். நான் யோசிப்பது வேறு. கடைசி வரை தலை திரும்பவில்லை, அதனால்தான் சிசேரியன் என்று எழுதியிருக்கிறாயே, அது. வயிற்றுக்குள் அப்படி உட்கார்ந்திருந்த குழந்தைக்கு இடுப்பு மூட்டு சரியாக உருவாகாமல் போகும் வாய்ப்பு அதிகம். சிசேரியனில் பிறந்தாலும் அந்த வாய்ப்பு இல்லாமல் போய்விடாது. அதோடு இவள் பெண் குழந்தை, தலைச்சன் வேறு. இந்தக் குறை பெண் குழந்தைகளுக்குத்தான் பல மடங்கு கூடுதலாக வருகிறது, இடது பக்கம்தான் அதிகம்.

தொடை எலும்பின் தலை பந்து மாதிரி, இடுப்பில் இருக்கும் கிண்ணத்துக்குள் உட்கார வேண்டும். கிண்ணம் ஆழமில்லாவிட்டால் பந்து நழுவும், சில குழந்தைகளுக்கு வெளியிலேயே நின்றுவிடும். இதில் பெரிய சங்கடமே குழந்தைக்கு வலிக்காது என்பதுதான். பால் குடிக்கும், காலை உதைக்கும், சிரிக்கும். எலும்பு வார்டில் நான் இருந்தபோது நடக்க ஆரம்பித்த பிறகு சாய்ந்து சாய்ந்து நடக்கிறது என்று தூக்கிக்கொண்டு வருவார்கள். 'ஒருநாள்கூட அழவில்லையே சிஸ்டர்' என்று அந்தத் தாய்மார்கள் சொல்வது இன்னும் என் காதில் இருக்கிறது. ஒன்றரை வயது தாண்டிவிட்டால் பெரும்பாலும் ஆபரேஷன்தான். அதற்குப் பிறகு இடுப்பிலிருந்து கால்வரை மாவுக்கட்டு. அந்த வயதுக் குழந்தையை அப்படி வைத்துப் பார்த்துக்கொள்வது வீட்டில் எல்லோருக்கும் கஷ்டம்.

பிறந்தவுடனே டாக்டர் காலை மடக்கி விரித்துப் பார்த்திருப்பார். ஆர்ட்டோலானி, பார்லோ என்று இரண்டு சோதனை உண்டு. அதில் ஒன்றும் தெரியவில்லை என்றாலும், தலை திரும்பாமல் பிறந்த குழந்தைக்கு ஆறாவது வாரத்தில் இடுப்பு ஸ்கேன் எடுத்தே ஆக வேண்டும். நீங்களாகவே கேளுங்கள். எக்ஸ்ரே இப்போது பயன்படாது, அந்த எலும்புத் தலை இன்னும் குருத்தெலும்பாகத்தான் இருக்கும். நாலு மாதத்துக்கு மேல்தான் எக்ஸ்ரேயில் ஒழுங்காகத் தெரியும்.

ஒருவேளை குறை இருந்தாலும் இந்த வயதில் பெல்ட் போட்டே பெரும்பாலும் சரி பண்ணிவிடலாம். பாவ்லிக் என்ற செக் நாட்டு டாக்டர் கொண்டுவந்தது. அவருக்கு முன்னால் காலை விறைப்பாகக் கட்டிப்போட்டு, சில குழந்தைகளுக்கு எலும்புத் தலைக்குப் போகும் ரத்த ஓட்டமே கெட்டுவிடும். இவர் முட்டியை மடக்கி, காலை விரித்து வைத்து, குழந்தை உதைக்கவும் இடம் விட்டார். அந்த அசைவிலேயே பந்து கிண்ணத்தில் போய் உட்காருகிறது. சில வாரம் இரவும் பகலும் போட்டிருக்க வேண்டும். பாவமாக இருக்கிறதே என்று மட்டும் யாரும் கழற்றிவிடக் கூடாது, வார் நீளத்தையும் டாக்டர்தான் மாற்ற வேண்டும்.

அப்புறம், குளிப்பாட்ட வரும் அம்மாவிடம் நீ பக்குவமாகப் பேசு. எண்ணெய் தேய்க்கட்டும், ஆனால் 'கால் நேராக வளரணும்' என்று நீவி இழுப்பதும், பாதத்தைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்குவதும் வேண்டாம். துணியில் சுற்றினால் கையோடு நிறுத்திக்கொள்ளுங்கள், இடுப்புக்குக் கீழே தொளதொளவென்று இருக்கட்டும். ஜப்பானில் 1970-களில், காலை நீட்டிச் சுற்றாதீர்கள் என்று தாய்மார்களிடம் சொல்லிச் சொல்லியே இந்தக் குறையைப் பல மடங்கு குறைத்தார்கள். கழுத்து நின்ற பிறகு நம் வழக்கப்படி இடுப்பில் வைத்துத் தூக்குங்கள், கால் விரிந்து உட்காருவது மூட்டுக்கு நல்லது. சம்பந்தியம்மாவிடம் இதைச் சொன்னால் அவருக்கும் சந்தோஷமாக இருக்கும்.

இங்கே இவருக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது பேப்பரை ஒரு வரி விடாமல் படிக்கிறார். சின்னவன் கோயம்புத்தூருக்கு மாற்றலாகிவிட்டான், வீடு கொஞ்சம் வெறிச்சென்றுதான் இருக்கிறது. உன் முழங்கால் எப்படி? பேத்தியைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறாதே.

ஸ்கேனுக்கு நாள் குறித்ததும் போன் பண்ணு. உன் மருமகன் ஊரில் இல்லை என்றால் நான் வருகிறேன், உன் மகளும் தையல் ஆறாத உடம்போடு தனியாக அலைய வேண்டாம்.

அன்புடன்,
ராஜி