விழா மேடையில் அல்ல, வரலாற்று வகுப்பில்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

அமெரிக்க அரசுப் பள்ளிகளில் லத்தீனோ வரலாறு, அதாவது லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரின் வரலாறு, கற்பிப்பது பற்றிய விவாதம் ‘வேண்டும், வேண்டாம்’ என்பதோடு நின்றுவிடுகிறது. எந்தப் பாடவேளையில், எந்த ஆவணத்தை வைத்து என்ற கேள்விதான் முக்கியம். அங்கே பிள்ளைகளைப் படிக்கவைக்கும் தமிழ்ப் பெற்றோரும் உங்கள் நாளிதழை வாசிப்பதால் எழுதுகிறோம்.

பல பள்ளிகளில் செப்டம்பர் 15 முதல் அக்டோபர் 15 வரையிலான ஹிஸ்பானிக் மரபு மாதத்தில் ஒரு நடனம், காகிதத் தோரணம், சாப்பாடு, அதோடு சரி. அந்த மாதம் ஏன் 15ஆம் தேதி தொடங்குகிறது என்றுகூடச் சொல்வதில்லை. குவாத்தமாலா, எல் சால்வடார், ஹோண்டுராஸ், நிகரகுவா, கோஸ்டாரிகா ஐந்துக்கும் அன்றுதான் விடுதலை நாள், மெக்சிகோவுக்கு மறுநாள்.

தனி விருப்பப்பாடம் இன்னொரு வழி. ஆனால் அதை ஒரே ஆணையில் மூடிவிடலாம். அரிசோனாவின் டூசான் நகரில் அதுதான் நடந்தது. 2010இல் ஓர் இனத்தாருக்கென வகுத்த பாடங்களைத் தடைசெய்து மாநிலம் சட்டம் இயற்றி, மீறினால் 10 சதவீத நிதியை நிறுத்துவோம் என்றது. 2012 ஜனவரியில் மெக்சிகோ அமெரிக்கர் பாடத்தைப் பள்ளி வாரியம் நிறுத்தியது; ஏழு நூல்கள் வகுப்பறைகளிலிருந்து அகற்றப்பட்டன. தடைக்குப் பின்னால் இருந்தது இனப் பகைமையே என்று கூட்டாட்சி நீதிபதி தஷிமா தீர்ப்பளித்தபோது 2017 ஆகிவிட்டது. அதற்குள் எத்தனை வகுப்புப் பிள்ளைகள் பள்ளியை முடித்துப் போயிருப்பார்கள்!

ஆகவே கட்டாய அமெரிக்க வரலாற்றுப் பாடத்துக்குள்ளேயே இது வர வேண்டும். உதாரணமாக, பள்ளிகளில் இனவாரியாகப் பிரிப்பது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்ன 1954ஆம் ஆண்டு பிரவுன் வழக்குக்கு முன்பாக மூன்று பாடவேளை ஒதுக்கி, மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகளைத் தனிப் பள்ளியில் வைத்ததை எதிர்த்த கலிஃபோர்னியாவின் மெண்டஸ் வழக்கை நடத்தலாம். முதல் வேளையில் நடந்ததை மட்டும் வாசிக்கட்டும்: சோலடாட் விடௌரி தன் பிள்ளைகளையும் சகோதரர் மெண்டஸின் பிள்ளைகளையும் வெஸ்ட்மின்ஸ்டர் பள்ளியில் சேர்க்கப் போகிறார். வெளிர்நிறமான அவர் பிள்ளைகளுக்கு இடம் உண்டு. கருத்த நிறமுள்ள மெண்டஸ் பிள்ளைகள் ‘மெக்சிகோ பள்ளி’க்குப் போக வேண்டும். இரண்டாம் வேளையில் பள்ளித் தரப்பு வாதம்: ஆங்கிலம் போதாததால்தான் பிரித்தோமாம். அப்படியானால் மெண்டஸின் மகள் சில்வியாவுக்கு ஏன் இடமில்லை, அவள் அத்தை பிள்ளைகளுக்கு மட்டும் எப்படி இடம் என்று மாணவர்களே கேட்கட்டும். மூன்றாம் வேளையில் 1946, 1947 தீர்ப்புகள்.

ஆசிரியர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். இனவாரியாகப் பிரித்தாலும் வசதி சமமாக இருந்தால் போதும் என்ற ‘பிரித்தாலும் சமம்’ கோட்பாட்டை இந்த வழக்கே ஒழித்தது என்று சொல்லிவிடுகிறார்கள். மேல்முறையீட்டு நீதிமன்றம் அவ்வளவு தூரம் போகவில்லை. மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகளைப் பிரிக்க மாநிலச் சட்டத்தில் இடமில்லை என்பதே அதன் முடிவு. அமெரிக்கப் பழங்குடி, சீன, ஜப்பானியப் பிள்ளைகளைப் பிரிக்க இடமளித்த சட்டப்பிரிவை 1947இலேயே நீக்கிக் கையெழுத்திட்டவர் ஆளுநர் ஏர்ல் வாரன். பின்னர் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதியாகப் பிரவுன் தீர்ப்பை எழுதியவரும் அவரே. இன்னொரு குறை, மெண்டஸ் குடும்பத்தோடு நிறுத்திவிடுவது. எஸ்ட்ராடா, குஸ்மான், பலோமினோ, ராமிரெஸ் குடும்பங்களும் வழக்காடின.

எல்லா லத்தீனோக்களும் குடியேறிகள் என்று நடத்துவதும் பிழை. போர்ட்டோ ரிக்கோவினர் 1917 முதல் அமெரிக்கக் குடிமக்கள். மெக்சிகோவுடனான போரை முடித்த 1848 உடன்படிக்கையில் எல்லைதான் நகர்ந்தது. அங்கிருந்த மெக்சிகோ மக்கள் நகரவில்லை. வகுப்பிலுள்ள லத்தீனோ மாணவரை எழுப்பி ‘உங்கள் ஆட்கள் என்ன நினைக்கிறார்கள்’ என்று கேட்கவும் கூடாது. அவருக்கும் அது புதுப்பாடமே.

பெற்றோர் கூட்டத்தில் ‘விழா எப்போது’ என்று கேட்பதோடு, ‘மெண்டஸ் வழக்கு எந்த அலகில் வருகிறது, எத்தனை பாடவேளை’ என்றும் கேளுங்கள். பதில் பாடத்திட்டத் தாளில் இருக்க வேண்டும்.

– வரலாற்று ஆசிரியர்கள் இருவர், கலிஃபோர்னியா