பீட்டர் முயலுக்கு முந்தைய நோட்டுகள்

அன்புள்ள பாப்பா,

குழந்தைகளுக்குப் பீட்டர் முயல் கதையை எழுதிப் படமும் போட்ட ஆங்கிலேயப் பெண்மணி பியாட்ரிக்ஸ் பாட்டர் பாணியில் முயல் வேண்டும் என்று ஆபீஸில் கேட்கிறார்கள், எவ்வளவு பார்த்துப் போட்டாலும் உயிர் வரவில்லை என்று போனில் அலுத்துக்கொண்டாய். அன்றிலிருந்து அந்த அம்மாவின் பழைய நோட்டுகளைத்தான் இணையத்தில் புரட்டிக்கொண்டிருக்கிறேன். லெஸ்லி லிண்டர் என்ற இன்ஜினீயர் சேர்த்து வைத்த படங்களும் காகிதங்களும் இரண்டாயிரத்துக்கு மேல், 1973-ல் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்துக்குப் போயிருக்கின்றன. பாட்டர் சங்கேத எழுத்தில் எழுதிய டைரியைப் படித்து அவிழ்த்தவரும் இந்த லிண்டர்தான். விடாக்கண்டன்!

நீ பார்த்துப் போடுவது 1902-ல் வந்த பீட்டர் முயல் புத்தகத்தை. அப்போது அவருக்கு வயது 36. நான் பார்க்கச் சொல்வது 1875-ஆம் வருஷத்து நோட்டை. ஸ்காட்லாந்தில் டால்கைஸ் என்ற இடத்துக்குக் கோடை விடுமுறைக்குப் போன சின்னப் பெண், பக்கம் பக்கமாகக் கம்பளிப்புழு வரைந்திருக்கிறாள். கூடவே நிறம் என்ன, எந்த இலையைத் தின்னும் என்று குறிப்பு. காலமெல்லாம் பயாலஜி ரெக்கார்டு நோட்டு திருத்தியவன் சொல்கிறேன், படம் ஒன்றும் பிரமாதமில்லை. என் வகுப்பில் அதைவிட நன்றாகப் போட்ட பிள்ளைகள் உண்டு. ஆனால் அந்தக் குறிப்பை யாரும் கேட்காமல் எழுதிய பிள்ளை ஒருவரும் இல்லை.

பிறகு வருவதெல்லாம் அந்தக் குணத்தின் வளர்ச்சிதான். அவரும் தம்பியும் செத்த பிராணிகளை வேகவைத்து எலும்பைப் பிரித்து வரைந்திருக்கிறார்கள். (உன் அம்மா இதைக் கேட்டுவிட்டு அன்று என்னைச் சமையலறைப் பக்கமே விடவில்லை.) இருபது வயதை ஒட்டி, மைக்ராஸ்கோப்பில் பார்த்து வண்டின் காலையும் கொம்பையும் பெரிதாக்கிப் போட்டிருக்கிறார். அப்புறம் காளான்கள். சார்லஸ் மெக்கின்டாஷ் என்ற ஸ்காட்லாந்துத் தபால்காரர், காளான்களில் கைதேர்ந்தவர், மாதிரிகளைத் தபாலிலேயே லண்டனுக்கு அனுப்புவாராம். குடைக்கு அடியில் மடிப்பு எப்படி இருக்கிறது, நெடுக்கில் வெட்டினால் உள்ளே என்ன என்பதையும் சேர்த்து வரை என்று பாட்டருக்கு யோசனை சொன்னவரும் இந்தத் தபால்காரர்தான். 1897-ல் காளான் வித்துகள் முளைப்பதைப் பற்றி பாட்டர் எழுதிய கட்டுரை லண்டனில் உள்ள லின்னேயன் சொசைட்டி என்ற இயற்கை அறிவியல் சங்கத்துக்குப் போனது. பெண்களுக்கு அங்கே இடமில்லாததால் வேறொருவர்தான் அதைக் கொண்டுபோக வேண்டியிருந்தது. அந்தக் காளான் படங்கள் இங்கிலாந்தில் ஆம்பிள்சைடு என்ற ஊரில் உள்ள ஆர்மிட் மியூசியத்தில் இருக்கின்றன. அழகுக்காக மட்டும் வரைந்திருந்தால் யாருக்கும் அடிப்பகுதி தேவைப்பட்டிருக்காது.

முயலுக்கு வருகிறேன். ஒரே தாளில் முயல் தலை மட்டும், திருப்பித் திருப்பிப் பல கோணங்களில் போட்டிருக்கிறார். இதைப் பார்த்துவிட்டு மறுபடியும் பீட்டரின் கதையை எடுத்துப் பார். நீலக் கோட்டு போட்டு இரண்டு காலில் நிற்கும்போதும் உள்ளே இருப்பது அசல் முயலின் முதுகெலும்பு. ஷூவைத் தொலைத்தவுடன் நாலு காலில் பாய்கிறதே, அங்கே உனக்குப் புரியும். நீ காப்பி எடுப்பது அந்த நீலக் கோட்டை, பாப்பா. கோடும் வண்ணமும் அவருடையவை, அவை உனக்கு வராது, வரவும் வேண்டாம். அவர் எதையெல்லாம் உற்றுப் பார்த்தார் என்பதைத்தான் நோட்டிலிருந்து எடுத்துக்கொள்ள முடியும். புத்தகத்தில் அது மறைந்துவிடுகிறது.

அவருக்கு வராததும் தெரிகிறது. மனித உருவம் கடைசிவரை அவருக்குச் சண்டித்தனம் செய்தது. உனக்குக் கை விரல் வராததற்கு நீ இவ்வளவு வருத்தப்பட வேண்டியதில்லை.

இன்னொன்று. பீட்டர் கதை முதலில் புத்தகமே இல்லை. 1893 செப்டம்பரில், உடம்பு சரியில்லாமல் கிடந்த நோயல் என்ற ஐந்து வயதுப் பையனுக்கு எழுதிய படக் கடிதம். ஏழு வருஷம் கழித்து அதைத் திரும்பக் கேட்டு வாங்கித்தான் புத்தகமாக்கினார். பையன் பத்திரமாக வைத்திருந்தான்! பதிப்பகங்கள் ஏற்காததால் 1901-ல் சொந்தச் செலவில் 250 பிரதி. உன் கிறுக்கல்களை ஐபேடில் அன்றன்றைக்கே அழித்துவிடுவதாகச் சொன்னாய். அது எனக்குப் பிடிக்கவில்லை. தேதி போட்டு ஒரு ஃபோல்டரில் வை.

அவர் வீட்டுக்குள்ளேயே முயல் வளர்த்தார், வாரில் கட்டி வெளியே கூட்டிக்கொண்டு போனார். உனக்கும் ஒன்று வேண்டுமென்றால் பணம் அனுப்புகிறேன். ஹவுஸ் ஓனரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாங்கு.

அன்புடன்,
அப்பா