எங்கள் சட்டையில் இருக்கும் படிகத்தைப் பாடமாக நடத்துங்கள்

காவிரி டெல்டா கல்லூரிகளின் இயற்பியல் பேராசிரியர்களுக்கு,

வணக்கம். நான் கும்பகோணத்தில் எக்ஸ்ரே டெக்னீஷியன். 21 வருடமாக இதே வேலை. திருவாரூர், மயிலாடுதுறைப் பக்கத்துச் சின்ன நர்சிங் ஹோம்களிலும் இருந்திருக்கிறேன். எங்கள் உடம்பில் பட்ட கதிரின் அளவை (டோஸை) பதிவு செய்ய நெஞ்சில் குத்தியிருக்கும் டிஎல்டி பேட்ஜுக்குள் என்ன நடக்கிறது என்று உங்கள் மாணவர்களோடு வந்து எங்களுக்குச் சொல்லிக்கொடுங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

நான் முதலில் சேர்ந்த இடத்தில் எல்லோருடைய பேட்ஜும் ஆபீஸ் டிராயரில்தான் கிடக்கும். தொலைந்துவிடும் என்று பூட்டி வைத்திருந்தார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அனுப்புவார்கள், டோஸ் எதுவும் இல்லை என்று ரிப்போர்ட் வரும், நாங்களும் நிம்மதியாக இருப்போம். அது டிராயருக்குள் இருந்த டோஸ், எங்கள் உடம்பு வாங்கியது அல்ல என்பது எனக்கு உறைக்க ஆறு வருடம் ஆனது.

அப்புறம் வேறொரு இடத்தில், கல்யாணம் நிச்சயமாகியிருந்த ஒரு பையன் கதிரைத் தடுக்கப் போடும் ஈய ஏப்ரனைப் பேட்ஜோடு கழற்றி எக்ஸ்ரே அறைக்குள்ளேயே மாட்டிவிட்டுப் போய்விட்டான். அந்தக் காலாண்டில் அவன் ரீடிங் எகிறியது. விசாரணை வந்தது. அறையில் தொங்கிய பேட்ஜ்தான் வாங்கியது, நான் வாங்கவில்லை என்று அவனால் நிரூபிக்க முடியவில்லை. பல மாதம் சரியாகத் தூங்காமல் இருந்தான். அந்த முகத்தை நான் மறக்கவில்லை.

இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். பேட்ஜ் எப்படி வேலை செய்கிறது என்று எங்களில் யாருக்கும் தெரியாது.

அதற்கப்புறம் நானாகத் தேடிப் படித்தேன். நம் நாட்டு டிஎல்டி பேட்ஜில் மூன்று சின்ன வில்லைகள் இருக்கின்றன. டிஸ்ப்ரோசியம் சிறிதளவு சேர்த்த கால்சியம் சல்பேட்டை டெஃப்லானோடு கலந்து செய்தவை. களர் நிலத்துக்கு நம் விவசாயிகள் போடும் ஜிப்சமும் கால்சியம் சல்பேட்தான், அதில் நீரும் சேர்ந்திருக்கும். கதிர் பட்டதும் எலக்ட்ரான்கள் படிகத்தின் குறைபாடுகளில் போய்ச் சிக்கிக்கொள்கின்றன. சூடாக்கினால் அவை விடுபடும்போது ஒளி வெளிவருகிறது. அந்த ஒளியை அளந்துதான் டோஸ் சொல்கிறார்கள். நெல் ஒருமுறைதானே பொரியும்? அதுபோலத்தான் இதுவும். சூடாக்கி அளவைப் படித்த உடனே அந்தப் பதிவு அழிந்துபோகும். சந்தேகம் வந்தால் சாதாரணமாகத் திரும்பப் படிக்க முடியாது.

இதைப் படித்துக்கொண்டே போனபோதுதான் இன்னொரு படிகம் கண்ணில் பட்டது. கார்பனும் மக்னீசியமும் சேர்த்து வளர்த்த அலுமினியம் ஆக்சைடு. கதிர் பட்ட இடத்தில் அதன் நிற மையங்கள், அதாவது ஒளியை உறிஞ்சும் படிகக் குறைபாடுகள், உருமாறிவிடுகின்றன. சிவப்பு லேசரை அடித்தால் அந்த மையங்கள் மட்டும் 750 நானோமீட்டர் அளவில் ஒளிர்கின்றன. ஒரு நேரத்தில் ஒரு ஆழத்தை மட்டும் காட்டும் கன்ஃபோகல் நுண்ணோக்கியில் அடுக்கடுக்காகப் படமெடுத்தால் ஒவ்வொரு துகளும் எந்த வழியாகப் போனது என்று முப்பரிமாணத்தில் தெரிகிறது. ரசாயனத்தில் ஊறவைத்து அரிக்க வேண்டியதில்லை. முக்கியமாக, படிப்பதால் பதிவு அழியாது. எத்தனை முறை வேண்டுமானாலும் பார்க்கலாம்.

சேற்று வயலைத் தூறலுக்குப் பிறகு பாருங்கள், பரப்பு முழுக்கப் பொடிப் பொடியாகப் புள்ளி விழுந்திருக்கும். காமா கதிர் பட்ட படிகம் எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது. கார்பன் அயனி போன்ற கனத்த துகள் போனால் நாரை நடந்த தடம் மாதிரி தனியாகத் தெரியும். ஜெர்மனியில் ஹைடெல்பர்க் நகரில் புற்றுநோய்க்கான கார்பன் அயனி சிகிச்சைக் கற்றையை இந்தப் படிகத்தால் ஆராய்ந்திருக்கிறார்கள். நியூட்ரானுக்கு மின்னூட்டம் இல்லாததால் அது நேராகத் தடம் விடாது. படிகத்தின் மேல் பாலிஎத்திலீன் தகடு வைத்தால், நியூட்ரான் மோதித் தெறிக்கும் புரோட்டான்கள் உள்ளே வந்து தடம் விடுகின்றன.

நியூட்ரான் நமக்குத் தூரத்து விஷயம் இல்லை. எண்ணெய், எரிவாயுக் கிணறுகளில் பாறையைச் சோதிக்க நியூட்ரான் வெளியிடும் அமெரிசியம்-பெரிலியம் மூலத்தைக் கம்பியில் கட்டி இறக்குவது உலகம் முழுக்க உள்ள வழக்கம். நம் டெல்டாவிலும் கிணறுகள் இருக்கின்றன. அந்த வேலைக்குப் போகிற பிள்ளைகள் உங்கள் வகுப்புகளிலிருந்தும் போகிறார்கள்.

எங்களுக்கு அரசு வைத்திருக்கும் வரம்பு ஐந்து ஆண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் (டோஸை அளக்கும் அலகு). எந்த ஓர் ஆண்டிலும் 30-ஐத் தாண்டக்கூடாது. இந்த எண்களை எங்கள் ஆட்களில் பலர் கேள்விப்பட்டதே இல்லை. தன் ரீடிங்கைக் கண்ணால் பார்த்தவர்களும் குறைவு.

புதுக்கருவி வாங்கித்தரச் சொல்லி நான் கேட்கவில்லை. திடநிலை இயற்பியல் வகுப்பில் நிற மையங்களை நடத்தும்போது எங்கள் பேட்ஜையும் ஒரு எடுத்துக்காட்டாக நடத்துங்கள். பிறகு வருடத்துக்கு ஒருமுறையாவது மாணவர்களை அருகிலுள்ள எக்ஸ்ரே அறைகளுக்கு அனுப்புங்கள். பேட்ஜை ஏப்ரனுக்கு உள்ளே ஏன் குத்த வேண்டும், வேலை முடிந்ததும் எங்கே வைக்க வேண்டும், ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது, இவ்வளவு சொன்னால் போதும். நாங்கள் சொன்னால் முதலாளிகள் கேட்பதில்லை. பேராசிரியர் ஒருவர் வந்து சொன்னால் டிராயர் திறக்கும்.

மதியம் இரண்டு மணிக்கு மேல் எங்கள் அறைகளில் கூட்டம் குறைவு. அந்த நேரத்தில் வாருங்கள்.

அன்புடன்,
எக்ஸ்ரே டெக்னீஷியன் ஒருவன்,
கும்பகோணம்