கோடை விடுமுறைப் பயணம்: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்பான பெற்றோருக்கு வணக்கம்.

சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு முடிந்து பிள்ளைகளைக் கூட்டிப்போக வரும்போது வாசலில் நின்று நீங்கள் பேசிக்கொள்வதெல்லாம் இப்போது விடுமுறையைப் பற்றித்தான். யார் ஊருக்குப் போகிறார்கள், யார் இங்கேயே காரில் சுற்றப்போகிறார்கள் என்று. யாழ்ப்பாணத்துக்கோ கோயம்புத்தூருக்கோ போகிறவர்கள் மகிழ்ச்சியாகப் போய்வாருங்கள். தாத்தா பாட்டியோடு பேசிப் பழகும் தமிழை எங்கள் வகுப்பறையால் தரமுடியாது. இந்தக் கடிதம் ஐரோப்பாவுக்குள் பயணம் போகிறவர்களுக்கு.

நான் கேட்பது ஒன்றுதான். ஒரு வாரத்தில் ஐந்து நாடு வேண்டாம். ஒரே ஊரை எடுத்துக்கொண்டு மூன்று நான்கு நாள் அங்கேயே தங்குங்கள்.

காரணம் பிள்ளைகளின் கட்டுரைகளில் இருக்கிறது. விடுமுறை முடிந்து வந்ததும் எழுதச் சொன்னால், ‘காலையில் பாரிஸ் போனோம், ஈபிள் கோபுரம் பார்த்தோம், போட்டோ எடுத்தோம், மாலையில் பிரஸ்ஸல்ஸ் போனோம்’ என்று போகும். ஊர்ப்பெயர்கள் வரிசையாக வரும். எதைப் பார்த்து வியந்தார்கள், யாரிடம் பேசினார்கள், என்ன சாப்பிட்டார்கள் என்று ஒரு வரி இருக்காது. அவர்களைக் குறை சொல்ல முடியாது. நின்று பார்க்க நேரம் கிடைத்தால்தானே எழுத விஷயம் இருக்கும்!

சரி, எந்த ஊர்? என்னைக் கேட்டால் முதலில், நாம் வாழும் ஜெர்மனியிலேயே உள்ள ஹாலே என்பேன். பெர்லினிலிருந்து விரைவு ரயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். லைப்சிக்கிலிருந்து அரை மணிதான். நம் குடும்பங்களில் பலர் அந்த ஊரைத் தாண்டிப் போயிருப்பார்கள், இறங்கியிருக்க மாட்டார்கள்.

ஆகஸ்ட் ஹெர்மான் பிராங்கே என்ற பாதிரியார் 1698-இல் அங்கே ஓர் அநாதை இல்லத்துக்கு அடிக்கல் நாட்டினார். அதைச் சுற்றிப் பள்ளிகள், நூலகம், அச்சகம், மருந்துக்கடை என்று ஒரு குட்டி நகரமே வளர்ந்தது. ஹாலேயில் படித்த பார்த்தலோமேயு சீகன்பால்க், டென்மார்க் அரசர் அனுப்பி 1706-இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். அப்போது அவருக்கு ஏறத்தாழ 24 வயது. உள்ளூர் ஆசிரியர் ஒருவரின் திண்ணைப் பள்ளிக்கூடத்தைத் தன் வீட்டுக்கே வரவழைத்து, சின்னப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதி அ, ஆ படித்தார். ஜெர்மன் பேசி வளரும் நம் பிள்ளைகள் ‘ழ’வோடும் ‘ள’வோடும் படும் பாட்டை அப்படியே பட்ட ஒரு ஜெர்மன்காரர்! இதைப் பிள்ளைகளிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

அவருக்காகத் தமிழ் அச்செழுத்துகளை ஹாலேயில்தான் வார்த்தார்கள். அவை கப்பலேறித் தரங்கம்பாடி போயின. அளவில் பெரிதாக இருந்து காகிதத்தை விழுங்கியதால், பிறகு அங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்துக்கொண்டார்கள். அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715-இல் தமிழில் அச்சாகி முடிந்தது. அடுத்த வருடமே அவர் எழுதிய தமிழ் இலக்கணம் இலத்தீன் மொழியில் ஹாலேயில் அச்சானது. மலையப்பன் என்ற தமிழ் இளைஞர் அவரோடு கப்பலேறி ஐரோப்பாவுக்கு வந்திருந்தார் என்பதையும் சொல்லுங்கள். முந்நூறு வருடத்துக்கு முன்பே தமிழ் இந்த நாட்டுக்கு வந்துவிட்டது.

அந்த அநாதை இல்லக் கட்டடம் இன்றும் நிற்கிறது. அதன் மேல்மாடத்தில் 18-ஆம் நூற்றாண்டின் அதிசயப் பொருட்கள் நிறைந்த ஓர் அறை இருக்கிறது. கூரையிலிருந்து முதலை தொங்கும். உயரமான ஓவிய அலமாரிகளில் சிப்பி, எலும்பு, மாதிரி உருவங்கள், இந்தியாவிலிருந்து போன பொருட்கள் எல்லாம் அடுக்கியிருக்கும். சின்னப் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல அருங்காட்சியகம் ஜெர்மனியில் இல்லை என்பது என் கருத்து. ஆவணக் காப்பகத்தில் தமிழ் ஓலைச்சுவடிகளும் உண்டு. அவை ஆய்வாளர்களுக்கானவை, சும்மா போய்ப் பார்க்க முடியாது. பெரிய பிள்ளைகளிடம் அவை அங்கே இருக்கின்றன என்று சொல்லி வைப்பது நல்லது, நாளைக்கு யாராவது அதைப் படிக்கப் போகலாம்.

அதே ஊரின் தொல்பழங்கால அருங்காட்சியகத்தில் நெப்ரா வான்தட்டு இருக்கிறது. சுமார் 32 சென்டிமீட்டர் அகலமுள்ள வெண்கலத் தட்டு. அதில் தங்கத்தால் நிலவும் நட்சத்திரங்களும் பதித்திருப்பார்கள். மண்ணுக்குள் புதைக்கப்பட்டு ஏறத்தாழ 3,600 வருடம் ஆகிறது. 1999-இல் புதையல் தேடிகள் சட்டவிரோதமாகத் தோண்டி எடுத்து விற்றுவிட்டார்கள். 2002-இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில், வாங்க வந்தவர்போல ஆளை அனுப்பி, போலீஸ் உதவியோடு மீட்டார்கள். துப்பறியும் கதை பிடிக்கும் பிள்ளைகளுக்கு இது போதும். தட்டில் ஏழு புள்ளிகள் நெருக்கமாக ஒரு கூட்டமாக இருக்கும். அது கார்த்திகை நட்சத்திரக் கூட்டம் என்பது ஆய்வாளர்கள் கருத்து. கார்த்திகை விளக்கீட்டுக்கு விளக்கேற்றும் பிள்ளைக்கு அந்தப் பெயர் தெரியுமே, தட்டில் எங்கே என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். இசை படிக்கும் பிள்ளைகள் இருந்தால், 1685-இல் இசையமைப்பாளர் ஹென்டல் பிறந்த வீடும் அதே ஊரில்தான்.

ஆம்ஸ்டர்டாம் பக்கம் போகிறவர்கள் ரைக்ஸ் அருங்காட்சியகத்தின் ஆசியப் பிரிவுக்குப் போங்கள். 18 வயது வரை கட்டணம் இல்லை. அங்கே சோழர் காலத்து நடராசர் சிலை ஒன்று இருக்கிறது, ஒன்றரை மீட்டர் உயரம், சுமார் 300 கிலோ. உள்ளே குடைவு இல்லாத கனச்சிற்பம். ஒரு காலத்தில் தோளில் சுமந்து வீதியுலா கொண்டுபோன மூர்த்தி. ‘சாமி ஏன் இங்கே இருக்கிறார்?’ என்று பிள்ளை நிச்சயம் கேட்கும். மழுப்பாதீர்கள். கோயில்களை விட்டு எத்தனையோ சிலைகள் வெளியே போன வரலாற்றைப் பத்து வயதுப் பிள்ளைக்குப் புரியும்படி சொல்லலாம்.

வியன்னாவில் அரசு அருங்காட்சியகங்களுக்கு 19 வயதுக்குக் கீழ் கட்டணம் இல்லை. பாரிஸில் லூவருக்கும் 18 வயதுக்குக் கீழ் இலவசம், செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும். ஜெர்மனியில் பெரும்பாலான அருங்காட்சியகங்களுக்குத் திங்கள் விடுமுறை. இதைப் பார்க்காமல் போய்ப் பூட்டிய கதவின் முன் நிற்கவேண்டாம்.

பிள்ளைகளுக்கு அலுத்துவிடுமே என்று பல அம்மாக்கள் சொல்கிறார்கள். நாள் முழுக்க நடக்கவைத்தால் யாருக்கும் அலுக்கும். ஒன்றரை மணி நேரம், மூன்று பொருட்கள், ஒரு பென்சில், ஒரு நோட்டு. முன்னால் உட்கார்ந்து வரையட்டும். அப்புறம் வெளியே வந்து ஐஸ்கிரீம், விளையாட்டுத் திடல். பொழுதுபோக்குப் பூங்காவுக்கு ஒரு நாள் போவதையும் நான் தடுக்கவில்லை. சாப்பாட்டுக்குப் புளிச்சாதம் கட்டிக்கொண்டு போங்கள், ஆனால் நாளுக்கு ஒரு வேளையாவது அந்த ஊர்ச் சந்தையில் வாங்கிச் சாப்பிடுங்கள். வாங்குவதைப் பிள்ளையே பேசி வாங்கட்டும்.

பயண ஏற்பாட்டில் சில விஷயங்கள். பிள்ளைகளுக்கான பழைய பயண ஆவணமான கிண்டர்ரைஸபாஸ் 2024 ஜனவரியிலிருந்து கொடுப்பதும் நீட்டிப்பதும் இல்லை. ஜெர்மன் குடியுரிமை உள்ள பிள்ளைகளுக்குச் சாதாரண பாஸ்போர்ட்டோ, ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் மட்டும் என்றால் அடையாள அட்டையோ எடுக்கவேண்டும், வாரக்கணக்கில் ஆகும். எல்லையில் சோதனை நடக்கலாம், பக்கத்து நாட்டுக்குப் போனாலும் எல்லோருடைய பாஸ்போர்ட்டோ அடையாள அட்டையோ கையில் இருக்கட்டும். விரைவு ரயிலில் பெரியவர் ஒருவரோடு போகும் 6 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை, டிக்கெட்டில் அவர்களையும் சேர்த்துவிட வேண்டும். உள்ளூர், வட்டார வண்டிகளுக்கான மாதச் சீட்டான டாய்ச்லாண்ட் டிக்கெட்டில் அந்தச் சலுகை கிடையாது. லண்டனில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிறவர்கள், ஜெர்மன் பாஸ்போர்ட் வைத்திருந்தாலும் முன்கூட்டியே இணையவழி அனுமதி எடுக்கவேண்டும். விமான டிக்கெட் மலிவு என்று ஜெர்மன் பள்ளி முடியுமுன் கிளம்பாதீர்கள், அபராதம் வரலாம்.

விடுமுறை முடிந்து வரும் முதல் சனிக்கிழமை மூன்றாம் வகுப்புக்கு மேற்பட்ட எல்லோரும் ஒரு பக்கம் எழுதிவரவேண்டும். போன ஊர்களின் பட்டியல் வேண்டாம், பார்த்த ஒரே ஒரு பொருளைப் பற்றி எழுதினால் போதும். எழுத்துப் பிழையைப் பற்றிக் கவலைப்படவேண்டாம், நீங்கள் எழுதிக்கொடுக்கவும் வேண்டாம். சின்னவர்கள் படம் வரைந்து கொண்டுவரட்டும். போகும் ஊரிலிருந்து தாத்தா பாட்டிக்குத் தமிழில் ஓர் அஞ்சலட்டையும் போடச் சொல்லுங்கள். முகவரியில் ஊர், நாட்டுப் பெயர்களையாவது இலத்தீன் எழுத்தில் எழுதுங்கள்.

ஹாலேக்குப் போக மூன்று நான்கு குடும்பங்கள் சேர்ந்தால், அங்கே வழிகாட்டியோடு சுற்றிப்பார்க்கப் பள்ளி சார்பில் நானே எழுதிக் கேட்கிறேன். விருப்பமுள்ளவர்கள் அடுத்த சனிக்கிழமை அலுவலக அறையில் பெயர் கொடுங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்